பழைய சந்தகை மிஷினை மீட்டு, ஒரு கிலோ அரிசியை நூல் அறாமல் பிழிந்த கணக்கு

ஒரு கிலோ அரிசி, 39 இட்லி, குழலில் ஏழு ஈடு, 25 நிமிடம். பரணில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்த முக்காலிச் சந்தகை மிஷின் (வெந்த இட்லியை நூலாகப் பிழிகிற கருவி) நாலாவது முயற்சியில்தான் இந்தக் கணக்குக்கு வந்தது. முதல் மூன்று முயற்சிகளில் மாவு, அதைக் கீழே தள்ளுகிற அமுக்கியைச் சுற்றி மேலே ஏறியது, கைப்பிடி வளைந்தது, நூல் அரை அங்குலத்துக்கு ஒருமுறை அறுந்தது. இதே மாதிரி மிஷின் கொங்குப் பக்கம் எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. "தேஞ்சு போச்சுங்க, இனி ஆகாது" என்று பித்தளையை எடைக்குப் போடுவதற்கு முன்னால் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை முழுசாக எழுதி வைக்கிறேன்.

சந்தகை, சந்தவை, சந்தவம் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். வெளியூர்க்காரர்கள் இதை இடியாப்பம் என்று நினைத்துக்கொள்வார்கள். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்துவிட்டுப் பிறகு வேக வைக்கிறோம். சந்தகையில் ஊற வைத்து அரைத்த அரிசியை இட்லியாக ஊற்றி வேக வைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிகிறோம். பிழிந்த பிறகு மறுபடி அடுப்புக்குப் போகாது. வெந்து கெட்டிப்பட்ட மாவைத் துளை வழியே தள்ள வேண்டியிருப்பதால் கையில் பிடித்து அமுக்குகிற நாழி இதற்குப் பற்றாது. இரும்புக் காலும் திருகும் வைத்த மிஷின் வந்தது அதனால்தான். அதற்கு முந்தைய காலத்துச் சந்தகை மரமும் அதே பாரத்துக்காகச் செய்ததுதான்.

மிஷின் இருந்த நிலை

தரையிலிருந்து 68 செ.மீ. உயரம். மூன்று இரும்புக் கால். நடுவில் பித்தளைக் குழல், உள்விட்டம் 63 மி.மீ., ஆழம் 115 மி.மீ. மேலே 22 மி.மீ. கனத்தில் சதுரப் புரி வெட்டிய திருகுத் தண்டு. ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. இறங்கும். தண்டின் நுனியில் வார்ப்பிரும்பு அமுக்கி. அடியில் 91 துளை போட்ட பித்தளை அச்சு. இரண்டு பக்கமும் நீண்ட கைப்பிடி, மையத்திலிருந்து ஒரு பக்கம் 25 செ.மீ.

தண்டு நட்டுக்குள் இறுகிப் போயிருந்தது. துருதான் என்று முடிவு செய்தது முதல் தப்பு. மண்ணெண்ணெய் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டி இரண்டு ராத்திரி விட்டோம். அசையவில்லை. கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டி நீளம் கூட்டித் திருகியதில் கைப்பிடிதான் ஒரு பக்கம் வளைந்தது. மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது புரிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கோணி ஊசியால் சுரண்டினால் கல் மாதிரி இருந்தது. கடைசியாகப் பிழிந்தபோது மேலே ஏறிய மாவு புரிக்குள்ளேயே காய்ந்து கிடந்திருக்கிறது. மாவை மண்ணெண்ணெய் ஒன்றும் செய்யாது. தண்டும் நட்டும் மூழ்குகிற மாதிரி ஒரு போசியில் கொதிநீரை ஊற்றி, ஆற ஆற மாற்றி ஒரு மணி நேரம் வைத்ததும் கையாலேயே திருகிக் கழற்ற முடிந்தது. ஆக, இறுகிய சந்தகை மிஷின் கிடைத்தால் முதலில் வெந்நீர். அதற்கும் மசியாவிட்டால் மண்ணெண்ணெய். சுத்தியலைத் தொடவே வேண்டாம். வார்ப்பிரும்பு அடி தாங்காது, விரிசல் விடும்.

கழற்றிய பிறகு புரியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இரும்பு பாகங்களுக்கு 120 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320. பித்தளைக்கு உப்புத்தாள் போடவில்லை. புளியும் கல் உப்பும் கலந்து பத்து நிமிடம் பூசி வைத்து, சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் களிம்பு முழுக்கப் போய்விடும். புளியை ராத்திரி முழுக்க ஊற விடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்டால் பித்தளை மஞ்சள் நிறம் போய்ச் செம்பட்டையாகிவிடும். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் போதும், வேண்டுமானால் இரண்டு தடவை செய்யலாம்.

குழலின் மேல் விளிம்பில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தது. ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். வேண்டாம். அந்தப் பற்றாசில் காரீயம் இருக்கும். சாப்பாடு படுகிற இடத்தில் அது கூடவே கூடாது. விரிசல் நிற்கும் நுனியில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டோம். அதற்கு மேல் விரிசல் ஓடாது. மாவு அந்த உயரம் வரை நிரம்புவதில்லை என்பதால் அப்படியே விட்டாயிற்று.

மாவு ஏன் மேலே ஏறுகிறது

சுத்தம் செய்து மாட்டிப் பிழிந்த முதல் ஈட்டில் பாதி மாவு அச்சு வழியாகக் கீழே வந்தது, பாதி அமுக்கியைச் சுற்றி மேலே வந்தது. இதுதான் பழைய மிஷின்களின் பொது நோய். பிழிகிறவர் கையில் பலம் இல்லை என்று சொல்வார்கள். பலத்தில் குறை இல்லை. வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) வைத்து அளந்தபோது அமுக்கியின் விட்டம் 59.5 மி.மீ.தான் இருந்தது. குழல் 63. சுற்றிலும் 1.75 மி.மீ. சந்து.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. அந்தச் சந்தின் பரப்பு சுமார் 337 ச.மி.மீ. அச்சில் துளை 91, தேயாத 1.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்ந்து 161 ச.மி.மீ. கீழே போகிற வழியைவிட மேலே வருகிற வழி இரண்டு மடங்கு அகலம். மாவு எந்தப் பக்கம் போகும்?

லேத் பட்டறையில் பார்த்தவுடனே சொன்னார்கள்: "குழல் நல்லா இருக்குதுங்க. பிஸ்டன மட்டும் புதுசாப் போட்டுக்கலாம்." 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடில் கடைந்து வாங்கினோம். இங்கே இரண்டாவது தப்பு. எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து 62.8 மி.மீ. கேட்டோம். வீட்டுக்கு வந்து மாட்டினால் பாதி ஆழத்தில் சிக்கிக்கொண்டது. குழலின் வாயில் மட்டும் அளந்ததுதான் காரணம். மேலே, நடுவே, அடியே என மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகவும் அளந்தால் அடிப்பக்கம் ஒரு திசையில் 62.7தான் இருக்கிறது. வார்த்த குழல் சீரான வட்டமாக இருக்காது. மறுபடி பட்டறைக்குப் போய் 62.4 ஆக்கி, கீழ் விளிம்பை 1 மி.மீ. சாய்வாகச் சீவச் சொன்னோம். இப்போது சந்தின் பரப்பு 60 ச.மி.மீ.க்கும் குறைவு. ஏழு ஈடு பிழிந்து முடித்தபோது மேலே ஏறிய மாவு மொத்தம் ஒரு தேக்கரண்டி அளவுதான்.

புதிதாக அமுக்கி கடைய வேண்டியவர்களுக்கு: குழலின் மிகக் குறுகிய அளவிலிருந்து 0.3 மி.மீ. கழித்துச் சொல்லுங்கள். இரும்பில் வேண்டாம், துருப்பிடித்து முதல் ஈடு சந்தகை பழுப்பாக வரும். அலுமினியம் குழலில் உரசிக் கறுப்பு விடுகிறது. பித்தளை அல்லது எஸ்.எஸ்.தான் சரி.

அச்சிலும் தேய்மானம் இருந்தது. துளையை அளக்கச் சுலபமான வழி டிரில் பிட். 1.5 மி.மீ. பிட் லொடலொடவென்று போனது, 2 மி.மீ. பிட் பல துளைகளில் நுழைந்தது. தட்டும் நடுவில் கீழ்ப்பக்கம் குழிந்திருந்தது. பாத்திரக் கடையில் அதே விட்டத்துக்கு 1.2 மி.மீ. துளை அச்சுதான் முதலில் கிடைத்தது. நூல் பார்க்க அழகாக, சேமியா மாதிரி வந்தது. ஆனால் கைப்பிடியைச் சுற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது, வாயில் போட்டால் மென்மையும் இல்லை. 1.5க்கு மாறியதும் இரண்டும் சரியானது. அச்சை மாட்டும்போது துளையின் வாய் சற்று அகன்றிருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் நூலின் மேல் செதில் செதிலாக வரும்.

முக்காலியில் ஒரு கால் 4 மி.மீ. குட்டை. கால் ஆடினால் சுற்றுகிறவரின் பாதிப் பலம் ஆட்டத்தை அடக்குவதிலேயே போய்விடும். வெல்டிங் வைத்துச் சமன் செய்து, ஓர் அங்குல வேப்பம் பலகையில் மூன்று காலையும் போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. சுற்றுகிறவர் பலகையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டால் மிஷின் நகராது.

செலவு

அமுக்கி கடைய, ராடு சேர்த்து 850 ரூபாய். தப்பாக அளந்ததற்கு மறு கடைசல் 100. அச்சு இரண்டு, 160 + 180. வெல்டிங் 150. மண்ணெண்ணெய் 60, பிரஷ்ஷும் உப்புத்தாளும் 70. மொத்தம் 1,570. பலகையும் போல்ட்டும் வீட்டில் கிடந்தவை. முதலிலேயே சரியாக அளந்து, வெந்நீரில் ஆரம்பித்திருந்தால் 1,250 ரூபாயில் முடிந்திருக்கும்.

மாவு

மிஷின் சரியானால் மட்டும் சந்தகை வராது. இட்லிக்கு அரைத்த உளுந்து சேர்ந்த மாவு மிச்சமிருந்தது, அதையே ஊற்றிப் பிழிந்து பார்த்தோம். உளுந்தும் புளிப்பும் இட்லியைப் பஞ்சாக்கிவிடுகின்றன. பஞ்சுக்குள் இருக்கும் காற்று அச்சு வாயில் 'பட் பட்'டென்று வெடித்து, வெடித்த இடத்திலெல்லாம் நூல் அறுந்தது. சந்தகைக்கு உளுந்து வேண்டாம், பொங்கவும் வேண்டாம். லேசாகப் புளிக்க வைக்கிற வீடுகள் உண்டு, அந்த ருசி அவர்களுக்குப் பழக்கம். நீள நூல் வேண்டுமானால் அரைத்த மாவை மூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெயில் காலத்தில் ஒரு மணி நேரமே அதிகம்.

அரிசி, குண்டு இட்லிப் புழுங்கலரிசி. கால் பங்கு பச்சரிசி சேர்த்துப் பார்த்ததில் பிழியும்போது நன்றாக இருந்தது. ஆறியதும் விறைத்து, தாளிக்கும்போது ஒடிந்தது. புது அரிசியாக இருந்தால் தண்ணீர் குறையப் பிடிக்கும், பிசுபிசுப்பும் கூடுதல். ஆறு மாதமாவது ஆன அரிசி நல்லது.

தண்ணீரில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு கிலோ அரிசியை நாலு மணி நேரம் ஊற வைத்து வடித்தால் 1,330 கிராம் வருகிறது. அதற்கு மேல் அரைக்கும்போது சேர்த்த தண்ணீரை அளந்து மூன்று தடவை மாற்றிப் பார்த்தோம். 950 மி.லி. சேர்த்தபோது இட்லி வழக்கம்போல் வெந்தது, சுலபமாகவும் பிழிந்தது. ஆனால் வட்டலில் (தட்டில்) விழுந்த நூல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் களியானது. 550 மி.லி.யில் இட்லியே ரப்பர் மாதிரி, கைப்பிடி முனகியது. 700 மி.லி. சரியாக நின்றது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகாமல், கனமாகச் சரிந்து 'தொப்'பென்று விழ வேண்டும். இட்லி மாவைவிட ஒரு படி கெட்டி. உப்பு 18 கிராம், கடைசியில் இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்.

அரைப்பதில் அவசரம் ஆகாது. டில்டிங் கிரைண்டரில் 40 நிமிடம். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் நெருநெருப்பே இருக்கக் கூடாது. இட்லிக்கு ரவை பதம் நல்லது. இங்கே அந்த ரவைதான் துளையை அடைக்கும். கல் வழுவழுத்துப் போயிருந்தால் எவ்வளவு நேரம் ஓடினாலும் மாவு நைசாகாது, சூடுதான் ஏறும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருப்பதில் நமக்குப் பெருமைதான், ஆனால் எந்தக் கல்லாக இருந்தாலும் கொத்து மழுங்கினால் மறுபடி கொத்தத்தான் வேண்டும். மிக்ஸியில் அரைத்தும் பார்த்தோம். சூட்டில் மாவு இழுபட்டு, குறு ரவை அப்படியே நின்றது. மிக்ஸிதான் இருக்கிறதென்றால் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்து, கண் சிறிய சல்லடையில் வழித்து எடுங்கள்.

வேக வைப்பதும் சூடும்

துணி போட்ட இட்லித் தட்டுதான் இதற்கு ஏற்றது. எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றினால் எடுக்கும்போது ஸ்பூன் போட்டு நோண்ட வேண்டும், அதற்குள் சூடு போய்விடும். துணியைக் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்தால் ஆறு இட்லியும் ஒரே வீச்சில் கழன்றுவிடும். ஒவ்வொரு தடவை ஊற்றும் முன்னும் மாவை அடிவரை கலக்க வேண்டும். உளுந்து இல்லாத மாவு நிற்க நிற்க அடியில் தங்கும். கலக்காமல் ஊற்றினால் முதல் தட்டு நீர்த்தும் கடைசித் தட்டு கெட்டியுமாகப் போகும்.

ஆவி நன்றாக வந்த பிறகு 15 நிமிடம். இது பொங்காத இட்லி, நடுவில் வேக நேரம் எடுக்கும். பத்து நிமிடத்தில் எடுத்ததைப் பிய்த்தபோது நடுவில் வெள்ளையாக ஒரு கோடு இருந்தது. அந்த வேகாத மாவு அச்சில் போனதும் நூல் நூலாக வராமல் ஒழுகியது. வெந்த இட்லி சற்றுக் கண்ணாடி போல் மினுங்கும், குத்திய கத்தி சுத்தமாக வரும்.

அடுத்தது இந்த வேலையின் உயிர்நாடி. இட்லியின் நடுவே வெப்பமானி செருகி, கைப்பிடியின் நுனியில் பழைய ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். 85 டிகிரியில் பிழியும்போது 6 கிலோ இழுவை போதும். 60 டிகிரிக்கு இறங்கியதும் 13 கிலோ. 50க்குக் கீழே போனால் எவ்வளவு இழுத்தாலும் நூல் துண்டு துண்டாகத்தான் வருகிறது. இப்படிப்பட்ட மிஷின்களில் கைப்பிடி வளைவதும் நட்டு தேய்வதும் ஆறிப்போன இட்லியால்தான் என்பது என் முடிவு. பழைய மிஷின்களைக் கெடுப்பது வயசு இல்லை, ஆறிய மாவு.

ஆகவே முப்பத்தொன்பது இட்லியையும் ஒரே சமயம் இறக்கி வைக்கக் கூடாது. குழலுக்கு ஆறு இட்லி கொள்ளும் (கடைசி ஈட்டுக்கு மூன்று). ஆறை மட்டும் எடுத்து, மிச்சத்தைச் சிறு தீயில் மூடியே வைக்க வேண்டும். முதல் ஈட்டுக்கு முன்னால் குழலுக்குள் கொதிநீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிவிட வேண்டும். சில்லென்ற பித்தளை இட்லியின் சூட்டை உடனே குடித்துவிடும். குளிரான மார்கழிக் காலையில் இதைச் செய்யாமல் விட்டால் முதல் ஈடு வீண்.

குழலில் போடும்போது இட்லிகளை அடுக்கி, கரண்டிக் காம்பால் ஒரு தடவை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். அமுக்கி இறுக்கமாக இருப்பதால் உள்ளே சிக்கிய காற்றுக்கு அச்சைத் தவிர வேறு வழியில்லை. ஓர் ஈட்டுக்கு ஏறக்குறைய 17 சுற்று. நிறுத்தாமல், ஒரே வேகத்தில். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் நூல் தடித்து விழும்.

இரண்டு பேர் வேண்டிய வேலை. ஒருவர் சுற்ற, இன்னொருவர் கீழே வாழை இலை போட்ட வட்டலைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நகர்த்த வேண்டும். ஒரே இடத்தில் குவிய விட்டால் அடியில் இருப்பது கனத்தில் ஒட்டும். இரண்டு அடுக்குக்கு மேல் ஆகாது. பிழிந்ததும் ஐந்து நிமிடம் மூடாமல் ஆவி போக விட்டு, பிறகு ஈரத் துணி போட்டு மூட வேண்டும். உடனே மூடினால் வியர்த்து ஒட்டும், மூடாமலே விட்டால் மேல் நூல் காய்ந்து விறைக்கும். ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்து உட்கார்ந்த பிறகு பிழிவதுதான் நம் பக்கத்துப் பழக்கம். அதற்குக் காரணம் உபசாரம் மட்டுமில்லை, பிழிந்த அரை மணிக்குள் சாப்பிட்டால்தான் அதன் மென்மை தெரியும்.

தொட்டுக்கொள்ள

தேங்காய்ப்பால் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு முற்றிய பொள்ளாச்சிக் காய். முதல் பால் 350 மி.லி., இரண்டாம் பால் 400 மி.லி. இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரை 250 கிராம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கோயிலிலிருந்து வாங்கிப் போகிற கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் எங்களுக்கும். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை எடுக்காதீர்கள். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்கிற வெளுக்க வைக்கும் ரசாயனம் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழுப்பாக, சற்று ஈரமாக இருப்பதே நல்லது. சர்க்கரையை 150 மி.லி. தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டுத் துணியில் வடிகட்டினால் அடியில் மண்ணும் கரும்புத் தூளும் நிற்கும். முதல் தடவை அந்தப் பாகைச் சூடாகவே முதல் பாலில் ஊற்றியதில் பால் திரிந்து திப்பி திப்பியானது. பாகு கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு இரண்டாம் பாலில் கலந்து, கடைசியில் முதல் பால், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்கு. அடுப்பில் வைக்கவே வேண்டாம்.

எள்ளுப் பொடிக்குக் கறுப்பு எள் 150 கிராம், கழுவிக் காய வைத்து வெறும் வாணலியில் வெடிக்கும் வரை வறுத்து, ஆறியதும் 100 கிராம் நாட்டுச் சர்க்கரையோடு விட்டு விட்டுத் திரிக்க வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிக் கட்டியாகிவிடும். காரத்துக்கு எலுமிச்சையோ தக்காளியோ தாளித்துப் புரட்டலாம். தாளிப்பை ஆற விட்டு, நூலை விரலால் உதிர்த்துக் கலக்க வேண்டும், கரண்டி போட்டால் கூழாகும். நாட்டுக்கோழிக் குழம்பு இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

கழுவி வைப்பது

பிழிந்து முடித்த கையோடு அச்சையும் அமுக்கியையும் கழற்றி வெந்நீரில் போட வேண்டும். சாப்பிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த 91 துளையையும் ஒவ்வொன்றாக ஊசியால் குத்த வேண்டிவரும். மாவு காய்ந்துவிட்டால் குத்தாதீர்கள், துளை அகலமாகிவிடும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற விட்டு, காலையில் குழாயடியில் பின்பக்கமிருந்து நீரைப் பாய்ச்சினால் போதும். தண்டின் புரியைத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காய வைத்து, தேங்காய் எண்ணெய் பூசி வைக்கலாம். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகப் பிடிக்கும். கிரீஸ் கூடவே கூடாது. சூட்டில் உருகிக் குழலுக்குள் இறங்கும்.

அடுத்த முறை மாற்ற நினைப்பது இரண்டு. தண்டு சுற்றும்போது அமுக்கியும் கூடவே சுற்றுகிறது, அதனால் மேல் இட்லி முறுகி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. தண்டின் நுனியில் ஒரு சின்ன த்ரஸ்ட் பேரிங் (அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டே சுழல விடுகிற பேரிங்) வைத்தால் அமுக்கி சுற்றாமல் இறங்கும், இழுவையும் குறையும். குழலுக்கு வெளியே, மாவு படாத உயரத்தில் அதை வைக்க முடியுமா என்று பட்டறையில் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்கள். இன்னொன்று, கைப்பிடியை இருபுறமும் 5 செ.மீ. நீட்டுவது.

ராகிச் சந்தகையும் இதே மிஷினில் முயன்றோம். இட்லி அரிசி 600 கிராம், ஊற வைத்த ராகி 400 கிராம், சேர்த்தே அரைத்தது, தண்ணீர் 750 மி.லி. மாவு, வேக்காடு, சூடு எல்லாம் சரியாக இருந்தும் மூன்றாவது சுற்றிலேயே அச்சு அடைத்துக்கொண்டது. ராகித் தோல் 1.5 மி.மீ. துளையில் சிக்குகிறது. எடைக்குப் போடலாம் என்று எடுத்து வைத்திருந்த பழைய அச்சை, குழிந்ததை மரச் சுத்தியால் தட்டி நேராக்கி, மாட்டிப் பார்த்தோம். தேய்ந்து 2 மி.மீ. ஆன துளையில் ராகி நூல் தடையில்லாமல் இறங்கியது. இப்போது அந்த அச்சு மிஷின் காலிலேயே ஒரு கம்பியில் கோத்துத் தொங்குகிறது, ராகிக்கென்று.